பந்தி காலேஜ்

23 ஜூன் 2025, திங்கள்

காலையில் காலேஜ் பஸ் வரவில்லை. சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் வரை ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்ததும் ரிஜிஸ்ட்ரார் கூப்பிடுகிறார் என்றார்கள். தாமதத்துக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்துப் போனால், வேறு கதை. நீவா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். நானா? கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கிற, வந்து மூன்றே வருஷமான, வருஷா வருஷம் கான்ட்ராக்ட் நீட்டிப்புக்குக் கை கட்டி நிற்கிற பிரித்திகாவா?

ஆண்டு விழாவுக்கு நான் எழுதிக்கொடுத்த உரைக்குச் சான்சலர் சாய்குமார் நிறைய கைதட்டல் வாங்கினாராம். அதற்குப் பரிசு இந்தத் தண்டனை. நவம்பரில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, அவர்கள் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும். செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது சிரிப்பாக வந்தது. என் பேர் போட்டு ஒரு புத்தகம்!

27 ஜூன்

எனக்குக் கொடுத்த விவரம் மொத்தம் ஒரே பக்கம். 2002-ல் முதல் கட்டடம் திறப்பு. 2008-ல் மெக்கானிக்கல் பிளாக். 2019-ல் கல்லூரி பல்கலைக்கழகம் ஆனது. அப்புறம் லிஃப்ட் போட்டது.

அறைத்தோழி ரூபாவிடம் காட்டினேன். அவள் நாயுடுபேட்டைக்காரி, இங்கே ஃபிசிக்ஸ் எடுக்கிறாள். படித்துவிட்டு, "இதுல மனுஷங்களே இல்லியே? எல்லாம் செங்கல்லா இருக்கு" என்றாள். உண்மைதான். எழுத உட்கார்ந்தால் கொட்டாவிதான் வருகிறது.

3 ஜூலை

ராத்திரி சாப்பிடக்கூட மறந்துவிட்டேன். சந்தோஷத்தில்!

மதியம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து லேப் மொத்தமும் இருட்டு. கரண்ட் ஆபீசிலிருந்து ஏ.இ., அதாவது உதவி இன்ஜினீயர், ஒருவர் வந்தார். கமலக்கண்ணன் என்று பெயர், நகரிக்காரர். எங்கள் ஊர் என்றதும் பேச்சு தமிழுக்கு மாறியது. வேலை முடிந்து போகும்போது வாசல் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிற 'தொடக்கம் 2002' என்பதைப் பார்த்து அவர் பாட்டுக்குச் சிரித்தார். என்ன சார் என்றேன்.

"ஒண்ணும் இல்ல மேடம். நானு இந்தக் காலேஜு ஃபர்ஸ்ட் பேட்ச். 2002-ல தேர்டு இயருக்கு வந்துட்டேன். அதுக்கு முன்ன ரெண்டு வருசம் இன்னா, வானத்துலயா குந்திக்கினு படிச்சேன்?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவர் வழியை மறித்துக்கொண்டேன். எங்கே படித்தீர்கள், யார் நடத்தினார்கள், சொல்லாமல் போகக்கூடாது என்று. லைன்மேன்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"சித்தூர்ல கல்யாண மண்டபத்துல மேடம். ரெண்டாயிரம், அக்டோபர்ல சேர்ந்தோம். ஊருக்குள்ள எங்களுக்கு பந்தி காலேஜ்னு பேரு."

பந்தி காலேஜ்! இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷமாக ஒருவரும் இதைச் சொல்லவில்லையே! அப்படியானால் நாங்கள் நினைத்ததைவிட இரண்டு வயது மூத்தவர்கள். அப்படியானால்... இருபத்தைந்தாவது ஆண்டு இந்த அக்டோபரிலேயே வருகிறது!

4 ஜூலை

வகுப்பில் பைனரி ட்ரீ நடத்தும்போது போர்டில் 2000 என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

6 ஜூலை, ஞாயிறு

கமலக்கண்ணன் சார் மண்டபத்தைக் காட்ட வந்தார். ரூபாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மண்டபம் காலியாகக் கிடந்தது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நகரியில் என்றால் மேளச் சத்தத்தில் காது போகும். ஏன் காலி என்று கேட்டேன். "ஆஷாடம் நடக்குது பாப்பா, எங்களவங்க கல்யாணம் செய்ய மாட்டோம்" என்றாள் ரூபா. தெலுங்கு மாதம் அமாவாசையைப் பார்த்துப் பிறக்கும், நம் ஆடி சூரியனைப் பார்த்துப் பிறக்கும். அவர்களுக்குக் கெட்ட மாதம் வந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

கமலக்கண்ணன் சார் ஒவ்வொரு இடமாக ஓடி ஓடிக் காட்டினார். நாற்பத்து மூன்று வயது ஆள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மேடையில் கறுப்புப் பலகை. சாப்பாட்டுக் கூடத்தில் இன்ஜினீயரிங் டிராயிங், ஏனென்றால் பந்தி மேஜைதான் நீளம். மணமகன் அறை பிரின்சிபாலுக்கு. மணமகள் அறை கம்ப்யூட்டர் லேப்.

"முகூர்த்த நாள்னா லீவு. முந்தின நாளே கம்ப்யூட்டரத் தூக்கிக்கினு மொட்டை மாடி ரூமுக்குப் போவோம். அஷ்டமி, நவமி, அமாவாசையில பரீட்சை. மார்கழி பூரா கிளாசு, ஞாயித்துக்கிழமைகூட உட மாட்டாங்க."

"பஞ்சாங்கத்தைப் பார்த்து டைம்டேபிளா!" என்று கத்திவிட்டேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"ஆமா மேடம். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் வந்தா கிளாஸ் பூரா மல்லிப்பூ வாசனை வரும். சாம்பார் வாசனையும் வரும். இன்னிக்கும் எனக்கு சாம்பார் வாசன வந்தா வட்டம் போடணும்போல கை துறுதுறுங்குது."

எனக்கு இந்த இடத்தை அப்படியே பிடித்துவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. 2000-ல் முதல் பேட்ச், 2002-ல் அடுத்தது. நடுவில் 2001 பேட்ச் எங்கே என்று கேட்டேன்.

சார் முகம் மாறியது. "அந்த பேட்ச்சே கெடையாது மேடம். எங்களுக்கு அடுத்த வருசத்து ஜூனியரே இல்ல. அத நான் சொல்லக்கூடாது. செங்கம்மா மேடம் திருப்பதியில கீறாங்க. எங்களுக்கு மேத்ஸ் எடுத்தவங்க, டைம்டேபிள் போட்டவங்களும் அவங்கதான். போயி கேளுங்க."

13 ஜூலை, திருப்பதி போய் வந்தேன்

செங்கம்மா மேடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கோச்சிங் சென்டர் நடத்துகிறார். வயது ஐம்பத்து நான்கு. சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம், கணீரென்று பேசுகிறார். காபி வாங்கித் தந்து, நான் எந்த டிபார்ட்மென்ட், என்ன எடுக்கிறேன் என்று என்னையே அரை மணி நேரம் பரீட்சை வைத்தார். 2001 என்றதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

அவர் சொன்னதைச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

2001-ல் இரண்டாவது பேட்ச் சேர்க்க அனுமதி கொடுக்க ஐதராபாத்திலிருந்து குழு வரவேண்டும். எந்த நாள் வசதி என்று கேட்டார்கள். நாள் குறிக்கும் வேலை செங்கம்மா மேடத்துடையது. மண்டபம் காலியாக இருக்கிற நாளாகப் பார்க்க வேண்டும்.

"எங்க வூட்ல மெட்ராஸ்ல அச்சடிச்ச காலண்டரு. ஆடி முடியற வரைக்கும் ஒரு முகூர்த்தம் இல்ல. ஆடியில எவன் கண்ணாலம் பண்ணுவான்னு ஆகஸ்ட் ஒம்பதுன்னு குறிச்சிட்டேன். யாரையும் கேக்கல. இதப் போயி கேப்பாங்களா?"

தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் ஜூலை இருபதோடு முடிந்துவிட்டது. சிராவணம் பிறந்து, வரிசையாக நல்ல முகூர்த்தம். மண்டபம் காலேஜைத் தொடங்கிய சேர்மனுடையது, அதைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி பத்மினி அம்மா, இப்போதைய சான்சலரின் தாயார். அவர் தன் வீட்டுக் காலண்டரைப் பார்த்து அதே ஆகஸ்ட் ஒன்பதைக் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரும் யாரையும் கேட்கவில்லை. அதுவரை வருஷம் முழுக்கத் தகராறே வந்ததில்லை. அஷ்டமி, நவமி இரண்டு பேருக்கும் ஒன்று. மார்கழியும் ஒன்று. இந்த ஒரு இடத்தில்தான் இரண்டு காலண்டரும் முட்டிக்கொள்ளும். முந்தின நாள் மதியம் வாழைமரம் கட்ட ஆள் வந்தபோதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. குழு அதற்குள் ரயில் ஏறிவிட்டது.

"காலையில வந்து எறங்கறாங்க. மேளம் அடிக்குது. மாப்ள வூட்டு ஆளுங்கன்னு நெனச்சி பன்னீர் தெளிச்சி, சந்தனம் குடுத்து, இட்லி போட்டுட்டாங்க. அவங்களும் துன்னாங்க. துன்னுட்டு பிரின்சிபால் ரூம் எங்கன்னு கேட்டாங்க. அங்க மாப்ள பட்டு வேட்டி கட்டிக்கினு இருக்கான்."

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வருசம் அட்மிஷனுக்குப் பெர்மிஷன் இல்லன்னுட்டாங்க. ஒரு வருசத்துப் புள்ளைங்க, பிரித்திகா. வந்திருக்க வேண்டிய புள்ளைங்க. யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல. அதான் தாங்க முடியல. அந்த வாரமே நின்னுட்டேன். கேம்பஸ் கட்டினாங்கல்ல, இதுவரைக்கும் பார்த்ததில்ல. பஸ்ஸுல அந்தப் பக்கம் போனா மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

திரும்பி வரும்போது பாதி வழி வரை, மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதாக அவர் சொன்னதே மனதில் ஓடியது. அப்புறம் மறுபடி பரபரப்பு தொற்றிக்கொண்டது. இது அல்லவா வரலாறு! ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே கடையில் பால் வாங்கி, சுவரில் மட்டும் வேறு வேறு காலண்டர் மாட்டுகிற இந்த ஊரில் மட்டும்தான் ஒரு கல்லூரி இப்படித் தடுக்கி விழ முடியும்.

14 ஜூலை

எழுதுகிறேன், எழுதுகிறேன், எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

22 ஜூலை

முதல் அத்தியாயத்தைச் சான்சலரிடம் கொடுத்தேன். தலைப்பு 'பந்தி காலேஜ்'. தலைப்பைப் பார்த்ததுமே தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"மேடம், மண்டபம் வத்து." வேண்டாமாம். "2002-லிருந்து எழுதுங்க. பக்கத்துல திருப்பதியில எத்தனை யூனிவர்சிட்டி இருக்குன்னு தெரியும்ல? நம்ம பேரன்ட்ஸ் கையில இது போனா என்ன ஆகும்? கமிட்டிகிட்ட போய், ஒரு கமிட்டிக்கு இட்லி போட்டு அனுப்பினோம்னு சொல்லணுமா?"

சார், உண்மைதானே என்றேன். முதல் பேட்ச் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பதில் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே.

"உங்க கான்ட்ராக்ட் செப்டம்பர்ல ரென்யூவலுக்கு வருது இல்ல?" என்று மட்டும் கேட்டார். மிரட்டுகிற தொனியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

இன்னா பண்றது இப்போ? கட்டடத்த எழுது, லிஃப்ட எழுதுன்னா எழுதிட்டுப் போறேன். ஆனா அந்த மேடம் மூஞ்சியத் திருப்பிக்கினு பஸ்ஸுல போறாங்களே — அத யாரு எழுதறது? அவங்க ஒண்ணுமே பண்ணாத மாதிரி, அந்தப் புள்ளைங்க படிக்காத மாதிரி, எப்பிடிங்க அழிப்பீங்க? அழுகையா வருது. கோவத்துலதான்.

25 ஜூலை

ரூபா நிதானமாகச் சொன்னாள். "வேலையும் வேணும், கதையும் வேணும்னா, சான்சலருக்கு மேல ஒரே ஒருத்தர்தான். அவரோட அம்மா." அப்புறம் அவளே, "ஆனா என் பேரைச் சொல்லாதே" என்றாள். வீராங்கனை!

2 ஆகஸ்ட், சனி

பத்மினி அம்மாவைப் பார்த்துவிட்டேன்!

மண்டபத்துக்குப் பின்னாலேயே வீடு. சிராவண மாதம், முன்னால் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. எழுபத்தைந்து வயதிலும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் லாரிக்காரனைத் தெலுங்கில் விரட்டிக்கொண்டிருந்தார். நான் செங்கம்மா என்ற பெயரைச் சொன்னதும் லாரிக்காரன் தப்பித்தான்.

"அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள்? என் மேல் கோபித்துக்கொண்டுதானே போனாள்?"

கோபமா? உங்கள் மேலா?

"பின்னே? காலேஜில் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த நாளைக் கல்யாணத்துக்குக் கொடுத்தது நான். சிராவணம் வந்தாயிற்று, கல்யாணம் வராமல் இருக்குமா, இது அவளுக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன். என்னால் ஒரு வருஷம் போயிற்று. என் வீட்டுக்காரர் கண்ணை மூடும்வரை அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டாள்."

இருபத்து நான்கு வருஷம்! சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, தப்பு தன்னுடையது என்று சுமந்துகொண்டிருக்கிறார்கள்!

அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஹலோ சொன்ன நிமிஷத்திலேயே சண்டை.

"அம்மா, தப்பு என்னுதுமா. நாள் குறிச்சது நானு."

"லேது! நாதே தப்பு, என் தப்பு! மண்டபம் யாருது?"

"என்னுதுன்னா உடுங்களேன்!"

"நூவு ஊருக்கோ!"

வாயை மூடு என்று அர்த்தம். தப்புக்காக இப்படி அடித்துக்கொள்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு கட்டத்தில் பத்மினி அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து விசும்பல்தான் கேட்டது.

அப்புறம்தான் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அத்தியாயத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். பன்னீர், இட்லி இடத்தில் சிரித்துச் சிரித்து இருமினார். மகன் வேண்டாம் என்றதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

4 ஆகஸ்ட்

பத்மினி அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். காரை அனுப்புகிறேன் என்று மகன் சொல்லியும் கேட்கவில்லையாம். சான்சலர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அம்மா உட்காரவில்லை. "நான் உன்னைப் பெற்றது வாடகை வீட்டில். உன் பிறப்புச் சான்றிதழில் சொந்த வீடு கட்டின தேதியையா போட்டிருக்கிறேன்?" என்றார்.

சான்சலர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், நான் எதிர்பார்க்காததை. அந்த வருஷம் அவர் வேறு ஊரில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாராம். உங்கப்பா காலேஜில் இன்று என்ன பாயசம், டிகிரியோடு தாம்பூலப் பையும் உண்டா என்று ஹாஸ்டலே கேலி செய்யுமாம். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கே வராமல் இருந்துவிட்டாராம். "எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே இன்னும் காது சுடுது மேடம்."

அட, இவரும் மனுஷர்தான். அந்த முதல் பேட்ச்காரர்கள் அதே பெயரைச் சொல்லும்போது எப்படி நெஞ்சை நிமிர்த்துகிறார்கள் என்று ஒரு தடவை வந்து பாருங்கள் சார் என்றேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

5 ஆகஸ்ட்

"போடுங்க. ஆனா இட்லி ஒரு வரிக்கு மேல வேண்டாம்."

ஒரு வரி! எவ்வளவு நீளமான வரி என்று அவர் சொல்லவில்லை.

19 செப்டம்பர்

அக்டோபர் 11 வெள்ளி விழா. வாசல் சுவரில் 2002-ஐச் சுரண்டிவிட்டு 2000 எழுதியாகிவிட்டது. பெயின்டர் பூஜ்யத்தைக் கொஞ்சம் கோணலாகப் போட்டிருக்கிறார், நான் வாயைத் திறக்கவில்லை. முதல் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். போன் நிற்காமல் அடிக்கிறது. துபாய், பெங்களூர், புத்தூர், எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். கான்ட்ராக்ட்டும் வந்துவிட்டது, இன்னொரு வருஷம்.

செங்கம்மா மேடம் மட்டும் வரமாட்டேன் என்கிறார்.

10 அக்டோபர்

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன். ரூபா என்னைப் பைத்தியம் என்கிறாள். செங்கம்மா மேடம் இன்னும் சம்மதிக்கவில்லை. பத்மினி அம்மா, "நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

11 அக்டோபர், சனி

பத்மினி அம்மா விடியற்காலையிலேயே திருப்பதிக்குப் போய், செங்கம்மா மேடத்தின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டுக்குள் வந்ததும் மேடம் இறங்கி, நாலு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "இவ்ளோ பெருசா?" என்றார்.

விழா, மாலை, உரைகள் எல்லாம் நன்றாகவே நடந்தன. புத்தகம் வெளியானது. எனக்குச் சால்வை போட்டார்கள். ஆனால் நான் எழுத நினைப்பது அதற்கு அப்புறம் நடந்ததை.

சாப்பாடு முடிந்ததும் முதல் பேட்ச் மொத்தமும் மேடத்தைச் சூழ்ந்துகொண்டு மேலே ஒரு வகுப்பறைக்கு அழைத்துப் போனார்கள். தொப்பையும் நரையுமாக ஒவ்வொருவரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். என்னடா வேணும் என்றார் மேடம்.

கமலக்கண்ணன் சார் எழுந்து நின்றார். "மேடம், நீங்க வேலைய உட்டுப் போன அந்த வாரம் டபுள் இன்டக்ரல் நடத்திக்கினு இருந்தீங்க. பாதி சம் போர்டுல இருக்குது. அடுத்து வந்த சாரு, அது முடிஞ்சி போச்சுன்னு அடுத்த பாடத்துக்குப் போய்ட்டாரு. எங்களுக்கு இன்னும் தெரியாது மேடம்."

"அது தெரியாமயாடா கரண்ட் ஆபீசுல கீற?"

"ஆமா மேடம்."

அறை முழுக்கச் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை. போர்டுப் பக்கம் திரும்பிச் சுண்ணாம்புக்கட்டி தேடினார். இங்கே ஸ்மார்ட் போர்டு. நான் ஓடிப்போய் ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொண்டுவந்தேன். மேடம் எந்தக் கணக்கு என்று கேட்கவே இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது. முதல் வரியை நிறுத்தி நிறுத்தி எழுதினார், இரண்டாவது வரியில் வேகம் வந்துவிட்டது. மூன்றாவது வரியில் ஒரு துபாய் ஆசாமியைப் பார்த்து, "பராக்கு பாக்காத" என்று அதட்டினார். பத்மினி அம்மா முதல் பெஞ்சில், ஒரு எழுத்தும் புரியாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்காருவது தெரிந்தது. சான்சலர். அவரும் அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

கணக்கு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் குனிந்து விடையை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சான்சலர் என் பக்கம் சாய்ந்து, "இதி புக்லோ உந்தா?" என்று ரகசியமாகக் கேட்டார். புத்தகத்தில் எப்படி இருக்கும் சார், இப்போதுதானே நடக்கிறது என்றேன்.

"போடுங்க மேடம்" என்றார். புத்தகம் நேற்றே அச்சாகிவிட்டது. பரவாயில்லை, இங்கே எழுதிவிட்டேன்.